ஆறாவது சுருட்டு

என் வீட்டுக்காரர் டேவிட்டுக்கு என்ன வேலை என்று எங்கள் தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் யாராவது கேட்டால், "பெங்களூர்ல ஓட்டல்ல" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் அடுப்பில் வைத்தது கருகிவிடும். பெரிய நட்சத்திர ஓட்டல். அதில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. பணக்காரர்கள் வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடிப்பார்கள். எது எந்த நாட்டுப் புகையிலை, எதில் என்ன ருசி, எதைக் காபியோடு பிடிக்கலாம், எதை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் தொடவேண்டும் என்று பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்வதுதான் இவர் வேலை. சிரிக்காதீர்கள். அந்த வேலையில்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தோம்.

விடிவதற்கு முன்னாலேயே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறவேண்டும். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஜனம் பாதிப் பேர் அந்த ரயிலில்தான் பிழைக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குத் திருநாள். இவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கப் பழகிவிட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடக் குனிய முடியாது. நான்தான் கழற்றுவேன். சும்மா கழற்றமாட்டேன், திட்டிக்கொண்டே கழற்றுவேன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசக் கூடாதா? நான் இன்னா செவுரா?"

"ஓட்டல்ல பேசியே வாய் தீந்துபோச்சு பியூலா. வூட்லயாவது வுடு."

இதுதான் எங்கள் குடித்தனம். கலியாணமான புதிதில் இவர் இப்படி இல்லை. சட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "சொல்லு, இன்னிக்கி எந்த நாடு?" என்று வம்பு பண்ணுவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். சர்ச் கொயரில் பாடுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை என் சேலையில் புகையிலை நாற்றம் அடிக்கிறது என்று பாஸ்டர் அம்மா ஒருதரம் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் இவர் துணியைத் தனி வாளியில்தான் ஊறவைப்பேன்.

கொரோனா இரண்டாம் முறை ஊரைச் சுழற்றி அடித்தபோது இவரும் படுத்தார். ஆள் பிழைத்தார், மூக்கு பிழைக்கவில்லை. ஒரு நாள் கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறேன். தெருக்கோடிவரை மணக்கிறது. இவர் அடுப்படி வாசலில் நின்று, "இன்னிக்கி இன்னா செய்யற?" என்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தேன்.

கோலாருக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். தானாக வரும் என்றார். பெங்களூரில் இன்னொருவரைப் பார்த்தோம். எலுமிச்சை, கிராம்பு எல்லாம் தினமும் மோந்து பழகச் சொன்னார். பழகினார். ஒன்றும் வரவில்லை. நாக்குக்கு உப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. மணம் மட்டும் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. சுருட்டு அறையில் நிற்கிறவனுக்கு மூக்கு இல்லை என்றால் ஓட்டல்காரன் வைத்துக்கொள்வானா? வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். பழைய சுருட்டுகளை மனப்பாடத்திலேயே ஓட்டினார். புதிதாக ஏதாவது வந்தால்தான் ஆபத்து.

அப்படி ஒன்று வந்தபோது அதைச் சோற்று டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் பிடித்துப் பார்க்க ஓட்டலில் கொடுத்தது.

"பியூலா, கோவிச்சிக்காத. இத மோந்து பாத்து எப்பிடி கீதுன்னு சொல்லு."

"உங்களுக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா? நான் சுருட்ட மோக்கறதா?"

"வேற யாரக் கேப்பேன், சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டபின் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? புழக்கடையில் தண்ணீர்த் தொட்டி பக்கம் உட்கார்ந்தோம். பற்றவைக்காமல் முதலில் மோந்தேன். பிறகு இவர் பற்றவைத்தார், நான் புகைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். அதுவும் போதாது என்றார். கடைசியில் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானே வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். இருமினேன் பாருங்கள், குடல் வெளியே வந்துவிடும்போல. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரோஜம்மா அக்கா கூப்பிட்டார்கள்.

"இன்னாடி பியூலா, உங்க வூட்ல ஒரே பொகை?"

"கொசு ஓட்டறோம்க்கா!"

இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு இழுப்பு இழுக்கலாம் என்று தோன்றியது, வெட்கம்கெட்ட மனசு.

இப்படியே நான்கு வருஷம் ஓடியது. எனக்கே பழகிப்போனது. டொமினிகன் என்று ஒரு தேசம், அங்கே விளையும் இலை சாது. வறுத்த வேர்க்கடலையும் காய்ச்சின பாலும் சேர்ந்த வாசனை, தொண்டையை உரசாது. நிகராகுவா இலை நேர் எதிர். அங்கே எரிமலை மண்ணாம். முதல் இழுப்பிலேயே மிளகு ரசம் மூக்கில் ஏறின மாதிரி காரம். ஹோண்டுராஸ் அதற்குப் பங்காளி, ஆனால் காரம் கொஞ்சம் மட்டு. முதல் மழை விழுந்த மண், அடியில் கறுப்புக் காபி. சுமத்ரா இலையை மேலே சுற்றியிருந்தால் லவங்கப்பட்டை வாசனை வரும், உதட்டில் லேசாக இனிக்கும். கனெக்டிகட் இலை காய்ந்த வைக்கோல். கியூபா சுருட்டைப் பற்றி ஊரே பெரிதாகப் பேசும். எனக்கு அது எங்கள் பெரிய பீரோவைத் திறந்தால் வருகிற மரவாசனை, கூடவே தேனும் தோல்பையும். நான் சொல்லச் சொல்ல இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் அதையே ஓட்டலில் அழகான இங்கிலீஷில் சொல்வார். என் மிளகு ரசம் அங்கே என்னவாக மாறியதோ, எனக்குத் தெரியாது.

எனக்கும் அலுப்புதான். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துவிட்டு வந்து, சமைத்துவிட்டு, இவர் வரும்வரை விழித்திருந்து, அதன்பிறகு புகை குடிக்க வேண்டும். "எல்லாத்தையும் வுட்டுட்டு வூட்ல கம்முனு உக்காருங்களேன்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ரிடையர் ஆகும்வரை தள்ளிவிடலாம் என்பார். முழுச் சம்பளத்தோடு, தலைநிமிர்ந்து வெளியே வரவேண்டும் என்பது இவர் ஆசை. மூக்குப் போனவன் என்று துரத்தப்பட்டு வரக்கூடாது.

போன மாதம் அந்த அறைக்கு விநாயக் என்று புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு. நல்ல பையன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வந்ததும் ஒரு ஏற்பாடு செய்தார். பேர் போட்ட காகிதப் பட்டையைப் பிரித்துவிட்டு ஆறு சுருட்டு கொடுப்பார். அறையில் வேலை செய்கிறவர்கள் பிடித்துப் பார்த்து எந்த நாட்டு இலை, என்ன ருசி என்று சொல்ல வேண்டும். தவறினால் ஓட்டலின் கலியாண மண்டபப் பக்கம் மாற்றிவிடுவார். பெங்களூர்க்காரனுக்கு அது பெரிய விஷயமில்லை. மண்டபத்தில் விருந்து முடிய நடுராத்திரி ஆகும், எங்கள் ஊருக்கு அப்போது ரயில் கிடையாது. எங்களுக்கு அது வேலையை விட்டு அனுப்புவதற்குச் சமம்.

அந்த வாரம் முழுக்க ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது போல இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேல் இலை கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் இன்னது, தொண்டையில் சுருக்கென்றால் இன்னது, சாம்பல் வெள்ளையாக நின்றால் இன்னது. கண்ணும் கையும் தொண்டையும் மிச்சம் இருக்கிறதே, அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்கு.

சனிக்கிழமை பரீட்சை. அன்று மாலை இவர் வந்து நாற்காலியில் விழுந்த விழுகையைப் பார்த்து, போச்சு என்று நினைத்தேன்.

"இன்னா ஆச்சி?"

"அஞ்சி சரியா சொன்னேன். அவரே தலையாட்டினாரு."

"ஆறாவது?"

"அதுதான் தெரியல. மேல எல பளபளன்னு இருந்திச்சி, தொண்டைல நல்லா ஏறிச்சி. ஹோண்டுராஸ்னு சொல்லிட்டேன். ஈர மண்ணு, காபின்னு நீ சொன்னதெல்லாம் சொன்னேன். அவரு ஒண்ணியும் சொல்லல. திங்கக்கிழம சொல்றேன்னாரு."

சோற்று டப்பாவைத் திறந்து பாதிச் சுருட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "பாத்து சொல்லு. ஹோண்டுராஸ்தான?"

புழக்கடைக்குப் போய் நானே பற்றவைத்தேன். வாயில் வைக்கத் தேவையே இல்லை. முதல் புகையிலேயே தெரிந்துவிட்டது. மேலே என்ன பட்டு இலையைச் சுற்றினாலும் உள்ளே இருந்தது திண்டுக்கல் பக்கத்து இலை. என் மாமனார், இவருடைய நைனா, பிடித்த நாட்டுச் சுருட்டின் அதே நெடி. அவர் வேலை பார்த்த சுரங்கத்தில் கீழே இறங்கிவிட்டால் புகை பிடிக்க விடமாட்டார்கள். வாரம் முழுக்க அடக்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, இதே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒன்றைப் பிடிப்பார். கல்தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கிய காலத்திலும் அந்த ஒன்றை அவர் விடவில்லை. அவர் இறந்த பிறகு அவர் சட்டையை இவர் என்னைத் துவைக்கவே விடவில்லை. வாசனை போகிறவரைக்கும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். அந்த வாசனைதான் இப்போது என் கையில் எரிகிறது. பக்கத்தில் நின்று இவர் அதைத்தான் சுவாசிக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஊரில் என் வாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனாலும் சொன்னேன்.

"ஹோண்டுராஸ்தான்."

சுருட்டைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பு ஊற்றி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பாயை விரித்துப் படுத்தவர் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கட்டும், எப்படியும் நாளைக்குத் தெரியத்தானே போகிறது என்று ஒரு மனசு. நாளைக்கு அந்த மேனேஜர் பையன் வாயால் கேட்டு இவர் எல்லார் முன்னாலும் திருதிருவென்று முழிப்பாரே என்று இன்னொரு மனசு. எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

திங்கட்கிழமை இவர் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எங்க வர?"

"ஸ்டேஷன் வரைக்கும். வரக் கூடாதா?"

இருட்டோடு நடந்து போனோம். ரயில் இன்னும் வரவில்லை. தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"நான் சனிக்கிழம பொய் சொன்னேங்க. அது ஹோண்டுராஸ் இல்ல."

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ ஒரு சுருட்டுக்கு அர மணி நேரம் பேசறவ. மொளகுன்னுவ, பீரோன்னுவ, வைக்கோலுன்னுவ. அன்னிக்கி ஒரே வார்த்த சொல்லிட்டு உள்ள ஓடிட்ட."

"தெரிஞ்சும் எதுக்குக் கம்முனு இருந்தீங்க?"

"தூக்கம் வந்திச்சி பியூலா. ஒரு நாளு நிம்மதியா தூங்கலாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. பாவி மனுஷன், நான் ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு கிடந்தேனே! தோளில் ஓர் அடி வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

"செரி, அது இன்னா எல? சொல்லு. தெரிஞ்சிக்கினாவது போறேன்."

"திண்டுக்கல் எலைங்க. மாமா பிடிப்பாரே, அது."

கையிலிருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"நைனா சுருட்டா?"

"ஆமா."

"கையில வெச்சிக்கினு நின்னேனே. நைனா சுருட்ட வாய்ல வெச்சிக்கினு, ஹோண்டுராஸ்னு சொல்லிட்டு வந்தேனே, பியூலா."

கையைப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் ரயில் விளக்கு தெரிந்தது. ஜனம் எழுந்து நின்றது. இவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார். "மூக்கு இல்லன்னும் சொல்லிடறேன். என்னால முடியல."

"சொல்லிடுங்க. போதும்."

"அது எப்பிடி இருந்திச்சின்னு சொல்லேன்."

"எது?"

"நைனா வாசன."

சொன்னேன். வெல்லப்பாகு அடிப்பிடிச்சா வருமே, முதல்ல அதுதாங்க. அப்பறம் ஈரச் சாக்கு. கடைசில மூக்கு நுனியில ஒரு காரம், கண்ணுல தண்ணி வர மாதிரி. அவரு காக்கிச் சட்டக் காலர்ல மொகத்த வெச்சா வருமே, அது. இவர் கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இழுத்து, நிறுத்தி, விட்டார். தலையை ஆட்டினார். ஒன்றும் வரவில்லை.

ரயில் வந்து நின்றது. ஜனம் ஏறத் தொடங்கியது. இன்றைக்கு முதல் ஆளாக ஏறியிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்கும். இவர் என் கையை விடவில்லை.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.