மூன்று மூடிகளும் அண்ணன் பெயரும்

அண்ணன் ஆண்டவருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், அண்ணன் செய்த மூடிகள் ஒழுகித்தான் தோணியில் சரக்கு அழுகியது என்று பேசியவர்கள். சிலர் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள். அவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஏரலில். அப்பா இறந்தபின் அம்மா எங்கள் இருவரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தார்கள். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு, தோணி கட்டும் தச்சர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த உழைப்பில்தான் தங்கை நான் நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். அண்ணன் கோபக்காரர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தாய்மாமன் மகனை நான் அத்தான் என்று அழைப்பேன். அவருடைய பாய்த்தோணியின் தளத்தில், சரக்கு இறக்கும் மூன்று வாய்களுக்கும் புதிதாகத் தேக்கு மூடிகள் செய்தது அண்ணன். கையால் கட்டிய தோணியில் ஒரு வாயைப் போல் இன்னொரு வாய் இருக்காது. ஒவ்வொன்றின் மேலும் அட்டையை விரித்து, ஓரத்தை வரைந்து, அதன்படியே மரத்தை அறுத்தார்கள். அட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்த நான், கோணலாக இருக்கிறதே என்றேன்.

"தோணி கோணல்ளா. அதுக்குத் தக்கன நானும் கோணிட்டேன். நீ கையை ஆட்டாமப் பிடி."

எந்த மூடி எந்த வாய்க்கு என்று தெரிய, முன்மூடியின் அடியில் ஒரு வெட்டு, நடுமூடியில் இரண்டு, பின்மூடியில் மூன்று என உளியால் கொத்திவைத்தார்கள். அந்த மூடிகளோடு தோணி கொழும்புக்குப் போய்வந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் பங்குத்தந்தை வந்து ஜெபித்துத் தோணியை மந்திரிக்க இருந்தார். அண்ணன் அப்போது சிறுநீரக நோயால் மருத்துவமனையில் இருந்தார்கள். தோணி பளபளக்க வேண்டும் என்று அத்தானின் ஆட்கள் மூடிகளைக் கழற்றி அடிப்பக்கமும் பெயிண்ட் பூசினார்கள். வெட்டுகள் மறைந்துபோயின. திரும்ப வைக்கும்போது முன்மூடி பின்னாலும் பின்மூடி முன்னாலும் போயிற்று. இரண்டும் உட்காரவில்லை. மாற்றி வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தான் இழைப்புளி கொண்டுவரச் சொல்லி, ஓரங்களைச் சீவி இறக்கினார். தோணி புறப்பட்டது, சீவிய இடுக்கு வழியே கடல் தண்ணீர் உள்ளே போனது, ஏற்றியிருந்த வெங்காயம் அழுகியது.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தான் சொன்னார்: "மச்சான் மூடி போட்டாரு. இனி அந்த மூடிக்கு ஒரு மூடி போடணும்." பந்தியே சிரித்தது. இலையில் பாதிச் சோற்றோடு நான் எழுந்துவிட்டேன்.

வீடு திரும்பிய அண்ணனைத் தோணிக்கு அழைத்துப்போனேன். அண்ணன் முன்வாயின் மூடியைப் புரட்டி, பெயிண்டைச் சுரண்டினார்கள். மூன்று வெட்டு. சீவிய ஓரத்தை விரலால் தடவிவிட்டு, பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தார்கள்.

"இங்கன வச்சுப் பேசாதீங்க மச்சான். ஆளுங்க நிக்காங்க. பெறவு நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

"சரி, சொல்லு" என்று அண்ணன் இறங்கி வந்துவிட்டார்கள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. "விடுளா, அவன் சொல்லுவான்" என்றார்கள். அத்தான் சொல்லவில்லை. அதன்பின் ஒரு தோணிக்காரரும் எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு வேலை சொல்லி வரவில்லை. நோய் முற்றிய நாட்களில் கதவு திறக்கும் போதெல்லாம் "மச்சானா?" என்று கேட்டார்கள். அத்தான் வந்தார், அடக்கத்தன்று, இருப்பதிலேயே பெரிய மலர்வளையத்தோடு.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், தோணியில் நடந்ததை எனக்கு மறைக்காமல் சொன்ன மாலுமிக்கும், இரவும் பகலும் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலருக்கென்று அத்தானும் ஒரு பக்க அஞ்சலி அனுப்பியிருந்தார். அண்ணனின் கைத்திறனை வானளாவப் புகழ்ந்திருந்தார். மூடிகளை மாற்றி வைத்துச் சீவியது நான்தான் என்ற ஒரு வரியைச் சேர்த்துத் தாருங்கள், அப்படியே அச்சிடுகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். மலர் அச்சுக்குப் போகும்வரை அந்த வரி வரவில்லை.

கடைசிப் பக்கம் வெறுமையாக இருப்பது அச்சகத்தாரின் பிழையன்று. அது அத்தானுக்காக விட்ட இடம்.