ஏழு மணி பாசஞ்சரும் என் இடமும்

எங்கள் வீட்டை இருபது வருஷம் நடத்தியது நானில்லை, காலை ஏழு மணிச் செங்கோட்டை பாசஞ்சர்தான். நான் அம்பாசமுத்திரத்தில் ஆசிரியை. டவுன் ஸ்டேஷனில் வண்டி நமக்காகக் காத்திருக்காது. ஆகவே ஆறே காலுக்குள் சோறு வடித்து, மோட்டாரை நிறுத்தி, ஞாயிறன்றே தேய்த்து வைத்த சேலையைக் கட்டி, எல்லா சுவிட்சையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்குவேன். கரண்டை மிச்சம் பிடிக்க நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீணாக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

முந்தின ஸ்டேஷனான ஜங்ஷனில் ஏறும் அக்கா ஒருவர், கல்லிடைக்குறிச்சியில் வேலை, எனக்கு இடம் பிடித்து வைப்பார். பதிலுக்கு அவருக்கு என் இட்லியும் எள்ளுப்பொடியும்.

பிறகு வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். காரும் இருந்தது, பொழுதும் போகவில்லை. "எதுக்கு இடிபட்டுக்கிட்டுப் போற? நான் கொண்டு விடுதேன்" என்றார். எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை. காரில் போகிறேன் என்றால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள், கண்ணும் பட்டுவிடும். நாலு நாள் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அது ஒன்றரை வருஷமாயிற்று.

காலையில் நேரம் கூடினால் வீடு ஒழுங்காகும் என்றுதானே நினைப்போம்? தலைகீழ். தினமும் ஒரு சேலைக்காக இஸ்திரிப்பெட்டி சுட்டது. ஆளுக்கொரு நேரம் குளித்ததால் ஹீட்டர் இரண்டு தடவை ஓடியது. பேச்சு சுவாரசியத்தில் மோட்டாரை மறந்து, தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் தாமிரபரணி. முக்குக் கடையில் பால் வாங்கவும் அவருக்குக் கார் வேண்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் போட்ட ஹீட்டர் அணைக்காமல் அப்படியே கிடக்கிறது.

"நாளையிலிருந்து நான் ரயில்லதான் போவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வீட்டைத் திருத்த எனக்குத் தெரியும். அக்கா என்னைச் சேர்த்துக்கொள்வாரா?

மறுநாள் என் இடத்தில் ஒரு புதுப் பெண் இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தவளை அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ உக்காருட்டி" என்றவர் என்னிடம் திரும்பினார். "ஏளா, ஒரு வாரம் ஒன் இடத்தைப் பிடிச்சு வச்சு ஊரு ஏச்செல்லாம் வாங்கினேன். ஒடம்புக்கு என்னமோன்னு பயந்து ஒன் ஸ்கூல்ல கேட்டா, கார்ல வந்து எறங்குதாளாம்! சொன்னா நாங்க கண்ணு வச்சிருவோமாக்கும்?"

"தப்புத்தான்க்கா."

"அப்ப ஒரு வாரம் நின்னுக்கிட்டே வா."

நின்றேன். நியாயமான தண்டனை என்றுதான் பட்டது. வீட்டிலோ கைக்குப் பழைய பழக்கம் மறக்கவேயில்லை. இரண்டாம் நாளே ஆறே காலுக்கு எல்லா சுவிட்சும் அணைந்திருந்தது. வீட்டுக்காரரும் முனகிக்கொண்டே பால் வாங்க நடந்தார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. ஆறரைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எக்கா, இன்னைக்கு நான் வரல. காய்ச்சல்."

"ஏளா, நின்னுக்கிட்டு வாரதுக்குமா லீவு சொல்லுத?" என்று சிரித்தார். "ஒடம்பு சரியானதும் பைய வா. நாலு பேரு சீட்டுல அஞ்சு பேரு இருக்கலாம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். காய்ச்சல் கூடிவிட்டது என்று வீட்டுக்காரர் மாத்திரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.