யாரும் கற்றுக்கொடுக்காத படம்

பெரியவளுக்கு எதையாவது நோண்டிப் பார்க்காவிட்டால் பொழுது போகாது. கல்யாணமான புதிதில் கணவனின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் திருதிருவென விழித்தவள். வேலையும் அவளுக்குத் தோதாகவே அமைந்தது. மூளை ஒரு விஷயத்தை எப்படி நினைவில் வைக்கிறது, எப்படித் திரும்ப எடுக்கிறது என்று கம்ப்யூட்டரில் செய்துபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் புரோகிராம் எழுதுகிறாள். புள்ளிகளால் ஆன சின்னச் சின்னப் படங்களை அதற்குக் கற்றுக்கொடுப்பாள். பிறகு பாதியை அழித்துவிட்டுக் காட்டுவாள். குடையின் கைப்பிடி தெரிந்தால் போதும், அது முழுக் குடையையும் கொண்டுவந்து நிறுத்திவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது அதிசயம்தான்.

வீட்டு விஷயம் ஒன்றில் மட்டும் அவளுடைய நோண்டும் புத்தி வேலை செய்யவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது பக்கத்தில் இருந்தது தான்தான் என்று அடித்துச் சொல்வாள். கையைப் பிடித்திருந்தாளாம், இவள் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டாராம், இவள் "இருக்கேம்ப்பா" என்றாளாம். "நீ மறுநாள்தானேக்கா வந்தே?" என்று தங்கை ஒருதரம் கேட்டாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

ஒருநாள் காலை புரோகிராம் கோமாளித்தனம் பண்ணியது. திரையில் ஒரே படமாக மேல்பாதி குடை, கீழ்ப்பாதி கெட்டில். அப்படியொரு படத்தை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வரி வரியாகத் தேடியும் தப்பு அகப்படாமல் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"அளவுக்கு மீறித் திணிச்சா இப்படித்தான், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்று அவர் சிரித்தார்.

"இது கத்துக்கிட்டதா, ஒட்டிக்கிட்டதான்னு அதுக்குத் தெரியுமா சார்?"

"அதுக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் ஒரே தெம்போடதான் காட்டும். நாம குடுத்த படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் உண்டு."

அவளுக்குச் சுருக்கென்றது. மனுஷ மூளை என்ன இந்த டப்பாவா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். கேள்வி சும்மா விடுமா? அப்பாவின் போர்வை என்ன நிறம்? தெரியவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம்? அதுவும் தெரியவில்லை. பயம் வந்துவிட்டது. அந்தக் கடைசி நிமிஷமும் தன்னுடையது இல்லையென்றால், அப்பாவிடமிருந்து தனக்கு என்னதான் மிச்சம்?

மொட்டைமாடிக்குப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"சண்டைக்கு வரலடி. தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். அப்பா பக்கத்துல அன்னிக்கு இருந்தது யாரு?"



"நான்தான்க்கா. உடனே உனக்குப் போன் பண்ணி, அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேனே. நீ பஸ்ல வந்துக்கிட்டிருந்தே."

பெரியவள் விடவில்லை. "அப்போ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது?"

"அது நிஜந்தான். அவருக்குக் கண்ணு தெரியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன்னைத்தான் கூப்பிட்டாரு. நானும் நீ மாதிரியே 'இருக்கேம்ப்பா'ன்னுட்டேன்." தங்கையின் குரல் உடைந்தது. "என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலக்கா."

பெரியவள் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.