இரண்டு பதிவேடுகளைப் பிணைத்தது

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூலிக்குப் பாவு பிணைத்தே ஆறு தறி போட்டேன். கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினேன். சாயப்பட்டறை வைத்தபோது தெருவே சிரித்தது. பிறகு அதே தெரு என்னிடம் நூலைக் கொண்டுவந்து கொடுத்தது. மாகறலில் நிலமும் வாங்கினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு: எங்கள் நெசவாளர் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு ஒழுங்காக இருப்பதற்கும் நான்தான் காரணம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு சங்கங்களை ஒன்றாக்கினார்கள். சிலர் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் சேர்ந்திருந்ததால், ஒரே ஆள் இரண்டு ஏட்டிலும் இருப்பார். வெளியூரிலிருந்து வந்த எழுத்தர் ஒரு விதி வைத்தார்: பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் மூன்றும் ஒத்தால் ஒரே ஆள், ஒரே வரி. மற்ற விவரம் மாறினால் இரண்டில் மூத்த சங்கத்து ஏட்டில் இருப்பதே செல்லும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புது ஏடு எழுதி முடித்த வாரம், என் எதிர்வீட்டு நெசவாளர் பட்டுநூல் வாங்கச் சங்கத்துக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எழுத்தர் ஏட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"நீங்க இறந்துட்டதா இருக்குதுங்க."

"நானா? முந்தாநேத்து தறியிலேர்ந்து சேலை அறுத்துக் குடுத்தேனே, அத நெய்ஞ்சது யாரு, என் ஆவியா?"

"உறுப்பினர் இல்லாதவங்களுக்கு நூல் தர எனக்கு உரிமை இல்லீங்க."

அவர் தறி சும்மா நின்றது. மனைவி நிறைமாதம். வேறு எங்கேயும் அவருக்கு நூல் கிடைக்காது.

எனக்கோ ஒரே குடைச்சல். உயிரோடு இருக்கிற ஆள் ஏட்டில் எப்படிச் சாவான்? பழைய ஏடுகள் இரண்டையும் விரிக்கச் சொல்லி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, வீடும் ஒன்று. ஆனால் ஒன்றில் கைநாட்டு, மற்றதில் கையெழுத்து.

"கைநாட்டு வெச்சவரு எப்ப சார் கையெழுத்து கத்துக்கினாரு?"

"முதியோர் பள்ளிக்குப் போயிருப்பாருபா. உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

"சேர்ந்த தேதியப் பாருங்க. இவரு பொறக்கறதுக்கு முன்னாடியே சேர்ந்திருக்காரு."

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அது எங்க தாத்தாபா. போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆவுது."

பாட்டன் பெயரைத் தலைப்பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். தலைமுறை தலைமுறையாக அப்படியே வைத்துவந்தால் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். இருவரின் தகப்பன் பெயரும் ஒன்றே. மூத்த சங்கத்து ஏட்டில் பாட்டனுக்கு எழுதிய சாவு, விதிப்படி பேரன் தலையில் ஏறிவிட்டது.

எழுத்தர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தப் பார்த்தார். நான் விடவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படிச் செத்திருக்கிறார்களோ? தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பதுதான் பாவு பிணைப்பது. முதலில் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். ஜோடி இல்லாத இழையை அறுக்கமாட்டோம். ஒதுக்கி வைத்து, எங்கிருந்து வந்தது என்று தேடுவோம். ஏட்டுக்கும் அதுதான் வழி என்றேன்.

இரண்டு ஏட்டையும் தெருவாரியாக, வீட்டு எண் வரிசையில் எழுதிக்கொண்டோம். அவர் ஒன்றைப் படிக்க, நான் மற்றதில் விரல் வைத்துப் போனேன். சேர்ந்த தேதியை மட்டும் பார்த்தால் சங்கம் மாறியவர் இரண்டு ஆளாகிவிடுவார். அதனால் பெயர், தகப்பன் பெயர், வீடு மூன்றும் ஒத்து, தேதியோ ஒப்பமோ மாறினால் எந்த வரியையும் அடிக்கக் கூடாது. சீட்டு எழுதி வீட்டுக்கே போய்க் கேட்கவேண்டும். ஜோடி இல்லாதவருக்குத் தனி வரி. இன்னும் நான்கு பேர் உயிரோடு வந்தார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டது.

சங்கத்தின் விழா மலரில் "எழுத்தரின் சீரிய முயற்சியால்" பதிவேடுகள் இணைந்தன என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவர் உழைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி என்னுடையது, வழியும் என்னுடையது. அந்தப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியாவது, இதைச் செய்தவன் பாவு பிணைக்கிற இன்னார் என்று என் பெயரைப் போடவேண்டும். நான் இருக்கும்போதே போடவேண்டும்.