சாப்பாட்டு வண்டிக்கு நான் வாங்கிய சக்கரங்கள்

சாம்பார் கொட்டிவிட்டது என்றுதான் போன் வந்தது. அதற்கு எதற்கு மெயின்டனன்ஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டே போனேன். சரிவுப் பாதையின் நடுவில் வண்டி குறுக்கே நின்றிருந்தது. அஞ்சலையம்மா சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார். வலது புறங்கால் சிவந்துபோயிருந்தது. ஒரு நர்ஸ் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் நல்லாத்தான் தள்ளிக்கினு வந்தேன் சார்," என்றார் என்னைப் பார்த்ததும். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அஞ்சலையம்மா கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் ஊழியர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சமையலறையிலிருந்து வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிப்போவது அவர் வேலை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"அந்தம்மாவுக்கு வயசாயிட்டுது. ராம்ப்ல வண்டிய கன்ட்ரோல் பண்ண முடியல. கால் ஆறுனதும் நின்னுக்கச் சொல்லிடலாம். வண்டில கொற எதுவும் இல்லன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க."

சரி என்று வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அந்த வண்டிக்கு ஆறு மாதம் முன்பு சக்கரம் மாற்றியது நான்தான். லோடோடு சேர்த்து வண்டி முந்நூறு கிலோ வரும். நான்கு இன்ச் நைலான் வீல், ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிலோ தாங்கும் என்று கேட்லாக்கில் இருந்தது. நான்கு வீலுக்கு அறுநூறு. தேவையைப்போல இரண்டு மடங்கு என்று பெருமையாகவே வாங்கினேன். ஒர்க்‌ஷாப்பின் வழவழ தரையில், காலி வண்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்து ஓகே சொன்னேன்.

பேனாவை வைத்துவிட்டுப் போய், பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி, அதே பாதையில் நானே தள்ளினேன். பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஜாயின்ட். சின்னச் சக்கரம் அதில் விழுந்து நின்றது. தண்ணீர் எம்பி என் சட்டையில் கொட்டியது. நான்கும் திரும்புகிற வீல் என்பதால் சரிவில் வண்டி பக்கவாட்டில் ஓடப் பார்த்தது. இரண்டு நடையில் என் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. அஞ்சலையம்மா தினம் ஆறு நடை போவார்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"சரிவுல எப்டிம்மா ஏத்துவீங்க?"

"இடுப்பால முட்டுக் குடுத்துதான் சார். இல்லன்னா அது ஒரு பக்கமா இழுத்துக்கினு போயிடும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"முடியலன்னு சொன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கல்ல?"

அவர் கொடுத்த டீயை அப்படியே கீழே வைத்தேன். பிறகு, "அந்த வீல வாங்குனது நாந்தாம்மா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சா வாங்கனீங்க? டீ ஆறுது, குடிங்க சார்."

மறுநாள் ரிப்போர்ட் கொடுத்தேன். சக்கரத் தேர்வு தவறு, தேர்வு செய்தது நான் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"என்னா சார், ஒங்க மேலயே எழுதிக்கிறீங்க?"

"நடந்தது அதான் சார்."

காகிதத்தை மடித்து வைத்தார். "சரி, மாத்திப் பாருங்க. வண்டி ஒழுங்கா ஓடுனா அந்தம்மா இருக்கட்டும்."

கடலூரில் ஒரு பாய் வீல் கடை வைத்திருந்தார். தொழிற்சாலைகளுக்கு வீல் சப்ளை செய்பவர். என் கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாலால வகுத்தீங்களா? மேடு பள்ளத்துல ஒரு வீல் அந்தரத்துல நிக்கும் சார். மூணால வகுங்க. ஜாயின்ட்டு இருக்குன்னா எட்டு இன்ச்சுக்குக் கொறையாதீங்க."

"ரப்பர் போட்டுடலாமா?"

"சத்தம் வராது. ஆனா லோடுல அமுங்கும், தள்ள பலம் ஜாஸ்தி வேணும். பாலியூரித்தேன் எடுத்துக்குங்க. முன்னாடி ரெண்டும் திரும்பாத வீலு, கைப்பிடி பக்கம் ரெண்டும் திரும்புற வீலு, பிரேக்கோட."

மாட்டியதும் வேறு சிக்கல் வந்தது. பெரிய வீலால் வண்டி உயர்ந்து, கைப்பிடி அஞ்சலையம்மாவின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவர் வேலைக்குத் திரும்பிய அன்று டேப்பை எடுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து அவர் முழங்கை வரை அளந்தேன்.

"தையக்காரரு மாரி அளக்குறீங்களே சார்," என்று சிரித்தார்.

கைப்பிடியை அறுத்து அந்த உயரத்தில் வெல்டிங் வைத்தோம். பாத்திரம் வைக்கும் தட்டையும் இறக்கினோம்.

முதல் நடைக்கு நானும் கூடவே போனேன். ஜாயின்ட்டில் வண்டி லேசாகக் குலுங்கித் தாண்டியது. சரிவின் பாதியில் அவரை நிற்கச் சொன்னேன். காலால் பிரேக்கை மிதித்தார். கையை எடுக்கச் சொன்னேன். பயந்து பயந்து எடுத்தார். வண்டி நின்றது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தார். நான் குனிந்து வீலைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வார்டிலிருந்து புகார் வந்தது. முன்பெல்லாம் கடகடவென்ற சத்தம் கேட்டு நோயாளிகளின் வீட்டார் தூக்குப் பாத்திரத்துடன் வெளியே வருவார்களாம். இப்போது வண்டி வந்ததே தெரியவில்லையாம். அதன்பின் அஞ்சலையம்மாவே குரல் கொடுக்க ஆரம்பித்தார். "கஞ்சி வந்துட்டுது, கஞ்சி! வாங்க கண்ணுங்களா!" மேனேஜர் அறைவரை கேட்கும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

நான்கு வருடம் கழித்து, மகள் பிரசவத்துக்காக அஞ்சலையம்மா தானாகவே வேலையை விட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

விட்டம், மெட்டீரியல், பிரேக் எல்லாம் இன்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் அந்த வண்டிக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வீல் கேட்டு எழுதும் ஒவ்வொரு இன்டென்டிலும் லோடுக்குக் கீழே, அந்தந்த வண்டியைத் தள்ளுபவரின் பெயரையும் எழுதுவேன். "இது எதுக்கு சார்?" என்று ஸ்டோரில் கேட்பார்கள். அவரைப் போய்ப் பார்க்காமல் அந்தப் பெயரை எழுத முடியாது. அதற்குத்தான்.