பாசி தேய்த்த கூரைத் தகடுகள்

அந்தச் சின்ன டேனிஷ் தீவில் குப்பை வாங்கும் கிடங்கு டோர்கிலின் ராஜ்ஜியம். ஜாம் புட்டியில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் வாய்க்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் குப்பையைக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள். ஐம்பது தாண்டி ஒரு மகள் பிறந்த பிறகாவது மனிதர் இளகுவார் என்று பார்த்தார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

ஆஸ்பெஸ்டாஸ் வந்தால் மட்டும் சத்தம் போடமாட்டார். கூரை வேலை பார்த்த அவருடைய அப்பா அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, மூச்சுக்குத் தவித்தே செத்தவர். உடைக்காமல், நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டியிருந்தால்தான் வாங்குவார்.

அன்று மதியம் பக்கத்து வீட்டுக் கிழவர் ஏய்னர் டிராக்டரில் கொண்டுவந்த கட்டுகள் முறைப்படிதான் இருந்தன. ஆனால் பிளாஸ்டிக் வழியே தெரிந்த தகடுகள் புத்தம்புதுசு போலிருந்தன. அவருடைய பழைய கொட்டகைக் கூரையில் விரல் தடிமனுக்குப் பாசி இருக்குமே.

"பாசியெல்லாம் எங்க போச்சு ஏய்னர்?"

"கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டேன். அழுக்கோட கொண்டாந்தா நீ சும்மா விடுவியாக்கும்?"

"நனைச்சுட்டுத் தேய்ச்சீங்களா?"

"நனைச்சா சேறாயிடும்ல. காலைல பூரா காய வச்சுத் தேய்ச்சேன். சுத்தறப்பதான் தண்ணி தெளிச்சேன், நீ சொன்னபடியே."

காயவைத்துத் தேய்த்தால் தகட்டுத் தூசி காற்றில் பறக்கும். காலையில் மேற்குக் காற்று. ஏய்னரின் கொட்டகைக்குக் கிழக்கே ஒரு வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் டோர்கிலின் தோட்டம். ஊரில் எல்லாக் குழந்தைகளையும் போல மகள் ஆஸ்டாவும் காலைத் தூக்கத்தை வெளியில், தள்ளுவண்டியில்தான் தூங்குவாள்.

கிடங்கைப் பூட்டக்கூட இல்லை. வண்டியை விரட்டினார்.

தோட்டத்தில் அவர் மனைவி மெரெத், இடுப்பில் குழந்தையோடு, தள்ளுவண்டியின் குட்டி மெத்தையை உதறக் கையை ஓங்கியிருந்தாள்.

"உதறாத. அப்படியே கீழ வை."

வண்டியின் கறுப்பு மூடியில் மாவு சலித்ததுபோல் சாம்பல்நிறத் தூசி. ஈரத்துணியால் குழந்தையின் முகத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். ஏய்னர் தகடுகளைக் காயவைத்துத் தேய்த்ததைச் சொன்னார். எதற்கென்று புரிந்ததும் மெரெத்தின் முகம் வெளுத்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்பாங்க."

"படத்துல இப்ப ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் தூசிதானே, பயப்படாதீங்கன்னுதான் சொல்வாங்க."

"அது நெஜந்தானே?"

"நெஜமாத்தான் இருக்கணும்."

"எப்பத் தெரியும்?"

மெத்தையை நனைத்து, பிளாஸ்டிக்கில் ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. டேப்பைக் கடித்து அறுத்தார். அப்பா போன பிறகு இவ்வளவு பயம் அவருக்கு வந்ததில்லை.

"முப்பது நாப்பது வருஷம் ஆகும். அப்ப நான் இருக்க மாட்டேன் மெரெத். அவ எப்ப இருமினாலும் நீதான் தனியா உக்காந்து கேக்கணும்."