ஹெலியில் கொஞ்சம் இடம் மிச்சம்

கிராம உத்தியோகத்தர் வேலை என்றால் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் திட்டு வாங்குவது. பாதையெல்லாம் மண்சரிவில் போய் விமானப்படை ஹெலியே கதி என்றானபோது ஆகாயத்திலிருந்தும் வாங்கினேன். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஹெலிக்கு ஆளும் சாமானும் ஏற்றி இறக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஹெலி ஓட்டும் கெப்டன் பேசுவது சிங்களம், சனம் பேசுவது தமிழ், இரண்டுக்கும் நடுவில் நான். நடுவில் நின்று வேலை பார்க்கிற உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

வரவேற்பு

மைதானத்தில் ஒரு துரும்பும் கிடக்கக்கூடாது, ஹெலி விசிறியில் சிக்கினால் ஆபத்து என்று கெப்டன் போனில் சொன்னார். அப்படியே தோட்டத் தலைவர் முத்தையாவிடம் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தால் குப்பை கூளமெல்லாம் பொறுக்கிச் சுத்தமாக்கி, சுற்றிவர வாழைமரம் நட்டு, கலர் கடதாசியில் தோரணமும் கட்டியிருக்கிறார்கள். ஹெலி ஒரு வட்டம் அடித்துவிட்டு, கொண்டுவந்த அரிசியோடு திரும்பிப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முத்தையா நிதானமாகச் சொன்னார்: "மொத மொதல்ல வர்றவங்கள வெறுந்தரையிலயா எறக்குறது மிஸ்?"

கழிவு

மலை உயரத்தில் எஞ்சினுக்குப் பலம் குறையும், அதனால் முழுப் பாரம் ஏற்ற மாட்டேன், கொஞ்சம் மிச்சம் வைத்தே தீரவேண்டும் என்றார் கெப்டன். கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து ஆளையும் பையையும் நிறுத்தோம். அங்கேதான் வினை. தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கொழுந்தில் கிலோ வெட்டக் கொடுத்தே பழகிய சனம், கெப்டனின் மிச்சத்தையும் அதே வெட்டு என்று முடிவுகட்டிவிட்டது.

தொண்டை வறள விளக்கினேன். அடுத்த நடைக்கு நிற்கும்படி நான் சொல்லியிருந்த மாரியாயி அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "கொழுந்துல வெட்டுனீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப எங்களயே வெட்டுறீங்களா மிஸ்?"

கொழும்பு வெயில்

மறுநாள் பனிமூட்டம் இறங்கி எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை. கெப்டன் பாதி வழி வந்து திரும்பிவிட்டார். உடனே மேலிடத்திலிருந்து ஒரு ஐயா அழைத்து, ஹெலி ஏன் இறங்கவில்லை என்று என்னைக் குடைந்தார். மேகத்தை நானா பிடித்து வைத்திருக்கிறேன்? பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டார்: "இங்க நல்ல வெயில்தானே மிஸ், அங்க என்ன பிரச்சின?"

ராஜேஸ்வரி

ராஜேஸ்வரிக்குத் தலைப்பிள்ளை. கைகால் வீங்கி, பிரஷர் ஏறி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. மேகம் சற்று விலகியதும் கெப்டன் வந்து ஹெலியை இறக்கினார். விசிறி நிற்கவில்லை. நோயாளியும் மருத்துவமாதும் மட்டும்தான், அதற்குமேல் ஒரு ஆள் ஏறினாலும் கிளம்ப மாட்டேன் என்றார்.

ராஜேஸ்வரி புருஷன் சிவாவின் கையை விடவில்லை. "அவரு வராட்டி நானும் போகல." மேல்மலையிலிருந்து மூட்டம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் ராஜேஸ்வரியை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கெப்டன் மூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவருகே நின்ற தன் சிப்பாயை இறங்கச் சொன்னார். சிப்பாய் இறங்க, அந்த இடத்தில் சிவா ஏறினான். கூட்டிய பாரம் ஒன்றுமில்லை. ஹெலி எழும்பி மூட்டத்துக்குள் மறைந்தது.

போன் வரும்வரை நான் மைதானத்தை விட்டு நகரவில்லை. ஆபரேஷன் முடிந்து தாயும் மகளும் சுகம் என்றார்கள். ஓடிப்போய் ராஜேஸ்வரியின் மாமியாரிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்தையா வீட்டு வாசலில் ரொட்டி தின்றுகொண்டிருந்த சிப்பாயைக் காட்டி அந்த அம்மா சொன்னது: "அப்ப எடம் இருந்திருக்கு. இன்னொருத்தர எறக்கி என்னையும் ஏத்தியிருக்கலாம்ல மிஸ்?"

ஹெலியின் பலத்தில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று கெப்டனுக்குத் தெரிந்திருந்தது. என் பொறுமையில் மிச்சம் வைக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.